ஒரே வீட்டு நாய்கள் திடீரென்று கடித்துக்கொண்டால்: விலக்குவதிலிருந்து மறுபடி சேர்ப்பதுவரை

சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். தம்பி வேலை முடிந்து வந்து மோட்டார் சைக்கிளைக் கேட்டுக்குள் ஏற்றினான். ரோஸியும் பிளாக்கியும் வழக்கம்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அவனிடம் ஓடின. பிளாக்கியின் மூஞ்சி ரோஸியின் கன்னத்தில் பட்டது. ரோஸி ஒரு கணம் அப்படியே விறைத்து நின்றாள். அடுத்த கணம் பிளாக்கியின் காது அவள் வாயில் இருந்தது.

ரோஸிக்கு ஏழு வயது. பிளாக்கிக்கு இரண்டு, தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை அடுக்கும் மேடைக்குக் கீழே குட்டியாகக் கிடந்தவளைத் தூக்கி வந்தோம். அன்றுவரை இரண்டும் ஒரே சாக்கில்தான் படுக்கும். அன்றைக்குச் சிமெண்டுத் தரையில் தெறித்த ரத்தத்தைக் கழுவிக்கொண்டே அம்மா, “இத்தனை நாள் நல்லாத்தானே இருந்துச்சுங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) இருப்பவர்களில் பலர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருந்தபோது நாய்கள் அவிழ்த்துவிட்டபடி திரியும். ஒன்றுக்கு ஒன்றைப் பிடிக்காவிட்டால் ஒன்று எழுந்து அடுத்த லயத்துப் பக்கம் போய்விடும். தாமான் வீட்டில் இருபுறமும் சுவர், முன்னால் ஒரே கேட். விலகிப் போக நினைக்கிற நாய்க்கும் வழி இல்லை. சண்டை முற்றியதும் யாராவது ஒருவர், “ஒண்ண கொண்டுபோய் எஸ்டேட்டுல விட்டுட்டு வந்துடு” என்று சொல்வதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெரும்பாலான சண்டைக்குக் காரணம் உண்டு, காரணம் தெரிந்தால் வழியும் உண்டு. நாங்கள் செய்ததையும் பட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: நடுவே கையை நுழைக்காமல் விலக்குங்கள்

சண்டையில் இருக்கும் நாய்க்கு எது எதிரியின் கால், எது வளர்த்தவர் கை என்று தெரியாது. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்கப் போகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் கடி விழுகிறது. அதனால் இரண்டு தலைகளுக்கு நடுவே கை போகவே கூடாது.

கையில் கிடைப்பதை வைத்துச் செய்யக்கூடியவை இவை. ரப்பர் குழாயைத் திறந்து மூஞ்சியில் வேகமாகத் தண்ணீர் அடிக்கலாம். அலுமினியச் சட்டியைத் தரையில் ஓங்கித் தட்டலாம். கனமான போர்வையை இரண்டின் மேலும் போட்டால் கண் மறையும்போது பிடி தளர்வது உண்டு. பிளைவுட் பலகையோ பிளாஸ்டிக் நாற்காலியோ இருந்தால் நடுவே இறக்கித் தள்ளலாம். எங்கள் வீட்டில் இப்போது கேட்டருகே ஒரு பலகை எப்போதும் சாய்த்தே இருக்கிறது.

இரண்டு பேர் இருந்தால் இன்னொரு வழி: ஆளுக்கு ஒரு நாயின் பின்னங்கால்கள் இரண்டையும் தொடையருகே பிடித்துத் தூக்கி, கைவண்டியைப் பின்னால் இழுப்பதுபோல இழுத்துப் பிரிக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். இழுத்தபடியே வளைந்து பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் நாய் திரும்பி உங்களைக் கடிக்கலாம். ஒரு கதவுக்குப் பின்னால் கொண்டுபோகும்வரை விடக் கூடாது. ஒரு நாய் கவ்விப் பிடித்தபடியே இருந்தால் மட்டும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். பல் உள்ளே இருக்க, தோல் கிழிந்துவிடும். அப்போது தண்ணீர், போர்வை, சத்தம்தான். வாய் திறந்த நொடியில் பிரிக்க வேண்டும்.

ரோத்தான் பிரம்பால் அடிப்பது வேண்டவே வேண்டாம். முதுகில் விழுகிற அடியை நாய் எதிரே இருக்கிற நாயின் கணக்கில் எழுதிக்கொள்ளும், இன்னும் இறுக்கிக் கடிக்கும். அன்றைக்கு நான் செய்த தவறும் இதற்குப் பக்கத்தில்தான். கத்தினேன். என் கத்தலில் இரண்டுக்கும் வெறி கூடியது. அம்மா குழாயைத் திறந்த பிறகுதான் விட்டன.

இரண்டாவது படி: காயத்தைப் பாருங்கள்

ஒன்று முன் அறையில், ஒன்று பின்கட்டில். நடுவில் கதவு மூடியிருக்க வேண்டும். ஒன்றை ஒன்று பார்க்கும்படி வாசலில் இரண்டு பக்கம் சங்கிலியில் கட்டிவைத்தால் சண்டை கண்ணாலேயே தொடரும்.

பத்து நிமிடம் மூச்சு வாங்கவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நாய்க்கடி ஏமாற்றும். வெளியே பென்சில் முனை அளவு பொத்தல்தான் தெரியும். உள்ளே தோல் சதையிலிருந்து பிய்ந்து பை மாதிரி இருக்கும். நம் ஊர்ச் சூட்டுக்கு இரண்டு மூன்று நாளில் சீழ் பிடித்து வீங்கும். முடியை விலக்கி விரலால் தடவித் தேடுங்கள்: கழுத்து, காதின் அடிப்பகுதி, முன்னங்கால், அக்குள்.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. அந்தத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவினால் போதும். மஞ்சள், காப்பித்தூள், டெட்டால் எதையும் அப்ப வேண்டாம். ரத்தம் நிற்காவிட்டால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ பொத்தல், மூச்சுத் திணறல், ஈறு வெளுப்பு, கண்ணில் அடி, இவற்றில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மற்ற கடிகளையும் மறுநாளுக்குள் மிருக டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

வீட்டில் இருக்கிற வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பனடோல் (பாராசிட்டமால்) அளவு தவறினால் ஈரல் போய்விடும்.

உங்களுக்குக் கடி பட்டிருந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு கிளினிக் போங்கள். கையில், விரல் மூட்டில் பட்ட கடியைச் சின்னது என்று விடவே கூடாது.

வெறிநாய்க்கடியைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2015ல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அந்த நோய் தலைகாட்டியது. சரவாக்கில் 2017 முதல் மனிதர்களும் இறந்திருக்கிறார்கள். அமைதியான நாய் ஆளையும் பொருளையும் காரணமில்லாமல் கடிக்கிறது, எச்சில் வழிகிறது, விழுங்க முடியவில்லை, குரல் மாறியிருக்கிறது, பின்னங்கால் தள்ளாடுகிறது என்றால் அது வீட்டுச் சண்டை இல்லை. தொடாமல் பூட்டி வைத்துவிட்டு மாவட்டக் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். அந்த நாயிடம் கடி பட்டவர், கீறல் பட்டவர் யாராக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது படி: இரண்டு வாரம் முழுசாகப் பிரித்து வையுங்கள்

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். மறுநாள் காலையில் இரண்டும் சாதுவாக இருக்கும். வாலைக்கூட ஆட்டும். “சரி, மறந்துடுச்சுங்க” என்று திறந்துவிடுவோம். இரண்டாவது சண்டை முதலாவதைவிட மோசமாக இருக்கும். உடம்பில் ஏறிய பதற்றம் வடியவே சில நாள் ஆகும். தையல் போட்டிருந்தால் பிரிக்கப் பத்துப் பதினான்கு நாள். இரண்டு வாரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வீட்டில் எப்படி? மாற்றி மாற்றி விடுவதுதான். காலையில் ரோஸி வெளியே, பிளாக்கி பின்கட்டில். பத்து மணிக்கு மாற்றம். மதியம் மறுபடி மாற்றம். மாற்றுவதற்கு முன்னால், “ரோஸி உள்ளே வர்றா” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், “சரி” என்று பதில் வந்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டோம். அம்மாவுக்கு முதலில் இது அதிகப்படியாகப் பட்டது. நான்காம் நாள் தம்பியின் நண்பன் யாரையும் கேட்காமல் பின்கதவைத் திறந்துவிட்டான். நல்லவேளை, அடுத்த கதவும் மூடியிருந்தது. அன்றிலிருந்து எப்போதும் இரண்டு கதவு மூடியிருக்கும்படி பார்த்துக்கொண்டோம்.

நான்காவது படி: வலியைத் தேடுங்கள்

மற்ற எந்தக் காரணத்தையும் யோசிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். பல நாள் நட்பாக இருந்த நாய் திடீரென்று மாறினால், அதற்கு எங்கோ வலிக்கிறது என்று வைத்துக்கொண்டு தேட வேண்டும். நாய் வலியைச் சொல்லாது. மறைக்கும். இடிபடும்போது மட்டும் பல்லால் சொல்லும்.

டாக்டர் ரோஸியின் மேல் உதட்டைத் தூக்கிக் காட்டினார். பக்கவாட்டில் இருக்கிற பெரிய கடைவாய்ப்பல் நீளவாக்கில் பிளந்திருந்தது. ஈறு கருஞ்சிவப்பு, பல்லின் ஓரத்தில் மஞ்சள் கோடு, நாற்றம். கண்ணுக்குக் கீழே லேசான வீக்கம்; நாங்கள் பூச்சிக் கடி என்று நினைத்தது. அந்தப் பல்லின் வேர் கண்ணுக்குக் கீழேதான் முடிகிறது. “கெட்டியான எலும்பு கொடுத்தீங்களா?” என்று கேட்டார். கொடுத்தோம், ஆட்டு முழங்கால் எலும்பு. அப்புறம்தான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒரு மாதமாக ரோஸி இடது பக்கமாகவே மென்றாள். பிஸ்கட்டை வாயில் வாங்கிக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுத்தாள். தலையைத் தடவினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிளாக்கியின் மூஞ்சி கேட்டருகே இடித்தது அந்தக் கன்னத்தில்தான்.

டாக்டரிடம் இவற்றைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: பல், இரண்டு காதும் உள்ளே (நம் ஈரச் சூட்டில் காதுச் சீழ் மிகச் சாதாரணம்), இடுப்பு, முழங்கால், முதுகு, கண் பார்வை, காது கேட்கிறதா என்பது. உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனையும் வேண்டும். உண்ணி மூலம் பரவுகிற எர்லிக்கியா, பபேசியா இரண்டும் நம் நாட்டில் இருக்கின்றன. சோர்வு, ஈறு வெளுப்பு, மூட்டு வலி வரும், எரிச்சலும் கூடவே வரும். நடுவயதைத் தாண்டிய நாய் என்றால் தைராய்டையும் பார்க்கலாம். அடி வாங்கிய நாயையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். வலி யாருக்கு என்பது சண்டையை யார் ஆரம்பித்தது என்பதை வைத்துத் தெரியாது.

ரோஸியின் பல்லைப் பிடுங்கினார்கள். அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. வலி போய்விட்டது, பயம் மட்டும் இரண்டுக்குள்ளும் தங்கிவிட்டது. மீதிப் படிகள் அதற்காகத்தான்.

ஐந்தாவது படி: எப்போது, எங்கே, எதற்காக என்று எழுதிவையுங்கள்

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் போதும். நேரம், இடம், யார் இருந்தார்கள், அதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன நடந்தது. உறுமலையும் முறைப்பையும்கூட எழுதுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு உருவம் தெரியும்.

பிளாக்கிக்கு இரண்டு வயது என்பதும் ஒரு காரணம்தான். ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் நாய் மனதளவில் பெரியதாகிறது. குட்டியாக இருந்தபோது விட்டுக்கொடுத்ததை இப்போது விட்டுக்கொடுக்காது. அமெரிக்காவில் 38 ஜோடி வீட்டு நாய்களின் சண்டைகளை ஆராய்ந்து 2011ல் வெளியான கட்டுரையில், ஐந்தில் நான்கு ஜோடி ஒரே பாலாக இருந்தன, பெண் நாய்கள் அதிகம். தொடங்கியது பெரும்பாலும் வயதில் சின்னது, பின்னால் வந்தது. எங்கள் வீட்டில் தொடங்கியது மூத்தவள். அதுவும் எனக்கு வலியைத் தேடச் சொன்ன ஒரு குறிப்பு.

பெண் நாய் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், மூன்று வாரம் இருக்கும். அந்த நாட்களிலும், முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் பொய்ச்சினை வந்து பொம்மையையும் துணியையும் குட்டிபோலக் காக்கிற நாட்களிலும் சண்டை மூளலாம். அப்படியானால் கருத்தடை ஆபரேஷன் உதவும். வேறு காரணத்தால் மூண்ட பெண் நாய்ச் சண்டைக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

இன்னொன்று கேட் சண்டை. வெளியே தெருநாய் போகிறது, மதில்மேல் குரங்கு, சாக்கடையில் உடும்பு. குரைத்துக் குரைத்து ஏறிய வெறிக்கு எதிரி கைக்கு எட்டவில்லை, பக்கத்தில் இருப்பது கூட்டாளி. அதன்மேல் பாய்ந்துவிடும். தீபாவளி, சீனப் பெருநாள் வெடிச் சத்தத்திலும் இதேதான். சாப்பாடு, எலும்பு, படுக்கிற இடம், நம் மடி, குறுகலான கதவு வழி, இவை எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள்.

அறிகுறிகளையும் பழகிக்கொள்ளுங்கள். வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நாய் வாயை மூடுகிறது, உடம்பு விறைக்கிறது, வால் மேலே நின்று நுனி மட்டும் துடிக்கிறது, மற்றதையே உற்றுப் பார்க்கிறது, வழியில் குறுக்கே நிற்கிறது. இந்த அசையாமை சில நொடிதான் இருக்கும், நாம் கூப்பிட்டுத் திருப்ப முடிகிற கடைசி நேரம் அதுதான். உறுமினால் திட்டாதீர்கள். உறுமக் கூடாது என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்தமுறை நேராகக் கடிக்கும்.

ஆறாவது படி: வீட்டை மாற்றுங்கள்

பக்கத்து வீட்டு அண்ணன், “விடும்மா, ரெண்டும் அடிச்சி யாரு பெரிசுன்னு ஒரு முடிவுக்கு வரட்டும்” என்றார். அக்கறையில் சொன்னதுதான். தலைவன் நாய் என்ற எண்ணம் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷென்கெல் 1947ல் எழுதியதிலிருந்து பரவியது. காட்டு ஓநாய்களோடு பல காலம் இருந்த டேவிட் மெச் 1999ல் எழுதிய கட்டுரையில் அதைத் திருத்தினார்: காட்டில் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள். அடித்துப் பிடித்துத் தலைமைக்கு வருவது அங்கே வழக்கமில்லை. ஒரு சண்டை நாய்க்கு அடுத்த சண்டையைத்தான் கற்றுக்கொடுக்கும். மல்லாக்கப் போட்டு அமுக்குவதையும் விட்டுவிடுங்கள்.

நாங்கள் மாற்றியவை: சாப்பாடு தனித்தனி அறையில், கதவு மூடி; முடிந்ததும் தட்டு உடனே தூக்கப்படும். எலும்பு, மெல்லுகிற பொருள் பொது இடத்தில் கிடையாது. தண்ணீர் இரண்டு இடத்தில், படுக்கை இரண்டு இடத்தில். கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரத்தால் மறைத்தோம், தெருவைப் பார்த்துக் குரைப்பது பாதியாகக் குறைந்தது. யாராவது வரும் நேரம் இரண்டும் பின்கட்டுக்குப் போய்விடும். தம்பி மோட்டாரைத் தெருமுனையிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான், ஒரு மாதம்.

ஏழாவது படி: மெதுவாகச் சேர்த்துவையுங்கள்

ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு நாயும் தளர்ந்த உடம்போடு இருந்தால் மட்டும் அடுத்தது. விறைத்தால் ஒரு கட்டம் பின்னால்.

முதலில் வாசனை. ஒன்று படுத்த சாக்கை மற்றதின் அறையில் போட்டு அதன்மேல் நல்ல தீனி வையுங்கள். அடுத்து, மூடிய கதவின் இருபுறமும் தள்ளி வைத்துச் சாப்பாடு, நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே. இதே வாரங்களில், கடிக்க முடியாதபடி மூஞ்சியில் மாட்டுகிற வாய்க்கூடைக்குப் பழக்குங்கள். கம்பி அல்லது ரப்பர் கூடை மாதிரி இருக்க வேண்டும், வாயைத் திறந்து மூச்சு வாங்க இடம் வேண்டும். நாய்க்கு உடம்புச் சூடு பெரும்பாலும் வாய் வழியாகத்தான் தணிகிறது. வாயை இறுக்கிக் கட்டுகிற துணி வகை நம் வெயிலுக்கு ஆபத்து. கூடைக்குள் வேகவைத்த கோழித் துண்டை வைத்து நாயே மூஞ்சியை நுழைக்கும்படி விடுங்கள். பிளாக்கி நான்கு நாளில் பழகினாள். ரோஸிக்கு, வாய் ஆறிய பிறகும், மூன்று வாரம் ஆனது.

அதற்கப்புறம் நடை. வீட்டுக்கு வெளியே, இரண்டுக்கும் சொந்தமில்லாத இடம். நாங்கள் காலை ஆறே முக்கால் வாக்கில், வெளிச்சம் வரத் தொடங்கும்போது, தோட்டத்து மண் பாதைக்குப் போனோம். குலை ஏற்றும் லாரிகள் அந்த நேரத்தில் இருக்காது. ஆளுக்கு ஒரு நாய், பாதையின் இரண்டு ஓரம், ஒரே திசை. நேருக்கு நேர் வரவிடக் கூடாது. முதல் நாள் பத்து மீட்டர் இடைவெளியில் பதினைந்து நிமிடம். ஒன்று மற்றதைப் பார்த்துவிட்டுத் தானே முகத்தைத் திருப்பினால் உடனே தீனி. பத்து நாளில் இடைவெளி இரண்டு மீட்டராகக் குறைந்தது. பாதையை விட்டுச் செம்பனைக்குள் இறக்காதீர்கள்: எலி மருந்துக் கட்டி கிடக்கும், காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியும் இருக்கும்.

பக்கத்தில் பக்கத்தில் நடந்து, ஒரே புல்லை முகர்ந்து, உடம்பை உதறிவிட்டு நடக்கிற நிலை வந்ததும், நடை முடிந்த களைப்போடு, கயிறும் வாய்க்கூடையுமாக வீட்டு முற்றத்தில் ஐந்து நிமிடம். அப்புறம் பத்து. கயிறு தளர்ந்தே இருக்கட்டும்; இழுத்துப் பிடித்தால் உங்கள் பயம் கயிறு வழியாக நாய்க்குப் போகும். எங்களுக்கு முதல் சண்டையிலிருந்து கயிறில்லாமல் ஒரே அறையில் இருக்க நான்கு மாதம் ஆனது.

சேராமல் போனால்

சில ஜோடிகள் சேராது. சண்டை ஒவ்வொரு முறையும் கூடுகிறது, எச்சரிக்கை இல்லாமல் தொடங்குகிறது, ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு பெரியது, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். பதற்றம் தணிக்கும் மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆயுள் முழுக்க மாற்றி மாற்றி விட்டே வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் முடியாவிட்டால், வேறு நாய் இல்லாத உறவினர் வீட்டில், நடந்ததை ஒளிக்காமல் சொல்லி ஒன்றைக் கொடுங்கள். சோறு போட்டு வளர்த்த நாய்க்குச் செம்பனைக் காட்டில் பிழைக்கத் தெரியாது. இறக்கிவிட்ட இடத்திலேயே நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும். பிளாக்கியின் தாய் அப்படித்தான் அந்த மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

சேர்ந்த பிறகு

யாரும் வீட்டில் இல்லாதபோது எங்கள் இரண்டும் இன்றும் தனித்தனி அறையில்தான். சாப்பாடும் அப்படியே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரோஸியின் வாயையும் காதையும் டாக்டர் பார்க்கிறார். மோட்டார் சத்தம் தெருமுனையில் கேட்டதும் பிளாக்கி எழுந்து பின்கட்டுக்குப் போய் அவள் சாக்கில் உட்கார்ந்துவிடுகிறாள். தம்பி கை கால் கழுவிவிட்டு வந்து, முதலில் ரோஸிக்கு ஒன்று, அப்புறம் அவளுக்கு ஒன்று என்று பிஸ்கட் கொடுக்கிறான்.